டேப் சுற்றிய விரல்

அவருடைய வலது கை மோதிர விரலில் எப்போதும் வெள்ளை டேப் சுற்றியிருக்கும். குழாய் மரையில் தண்ணீர் கசியாமல் இருக்கச் சுற்றுவார்களே, அந்த மெல்லிய டேப். முதல் தடவை பார்த்தபோது காயமா என்று கேட்டேன். காயமில்லை, அழுக்குப் படாமல் வைத்துக்கொள்கிறேன் என்றார். மற்ற விரல்களெல்லாம் கருத்து, நகம் உடைந்து, மெக்கானிக்கின் விரல்களாக இருந்தன. டேப்பை அவிழ்த்தபோது அந்த ஒன்று மட்டும் வேறு யாருடைய விரலோ போல வெளுத்திருந்தது.

திருமுல்லைவாயிலில் எங்கள் அடுக்ககத்தின் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின்களை அவர்தான் பார்த்துக்கொண்டார். மண்ணூர்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வந்ததும் மெஷினைத் தொடமாட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, டேப்பை அவிழ்த்து, விரல் நுனியை நனைத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவதோ தலையை ஆட்டுவதோ கிடையாது. பிறகு உப்பின் அளவு காட்டும் மீட்டரைத் தண்ணீரில் விடுவார். இரண்டும் வேறு வேறாகச் சொன்னால், மீட்டர் சொன்னதையே வீட்டுக்காரர்களிடம் சொல்வார்.

தண்ணீர் விஷயத்தில் அவர் நாக்கு தவறியதுண்டு. எங்கள் வீட்டில் ஒருமுறை உப்பு தெரிகிறது என்று மீட்டரை விடாமலேயே நல்ல ஃபில்டரைக் கழற்றினார். மேல்தொட்டியில் லாரித் தண்ணீர் கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. பழையதையே மாட்டிவிட்டுப் போனார்.

ஆனால் அவர் நாக்கை நம்பியவர்கள் தண்ணீருக்காக நம்பவில்லை.

இறந்தவர்களுக்குப் படையல் போடும் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதை இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். திரும்பப் போய் எடுத்துச் சாப்பிடும்போது ருசி குறைந்திருந்தால், அவர் வந்து எடுத்துக்கொண்டார் என்பார்கள். பிராந்தி குடித்தவருக்குப் பிராந்தியும் வைப்பார்கள். குறைந்ததா இல்லையா என்பதில் துக்கத்தில் இருக்கிறவர்களின் நாக்கை நம்ப முடியாது. வெளியாள் ஒருவர் சொன்னால்தான் மனம் ஆறும். அதனால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லிப் பக்கமும் சில வீடுகளில் இவரைக் கூப்பிட்டார்கள்.

இவர் குடிக்காதவர். காபி, பாக்கு, சிகரெட் எதுவும் கிடையாது. வைப்பதற்கு முன்னால் ஒரு துளி தொட்டுப் பார்ப்பார். கதவு திறந்ததும் இன்னொரு துளி. ருசி அப்படியே இருந்தால் "கீது" என்பார். இல்லாவிட்டால் "பூட்ச்சு." கீது என்றால் இறந்தவர் வரவில்லை. பூட்ச்சு என்றால் வந்துவிட்டுப் போய்விட்டார். இந்த இரண்டைத் தவிர வேறு சொல் கிடையாது. சொன்னதும் வெளியே வந்து, ஸ்கூட்டரில் மாட்டியிருக்கும் பாட்டில் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பிவிடுவார்.

நான் பத்திரிகையில் வேலை செய்கிறவன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாமல் எதையும் எழுதக்கூடாது என்று பழக்கப்பட்டவன். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எழுத நினைத்தேன். ஆனால் சரிபார்க்க வழியில்லை. படையல் வைக்கும் முன்னால் அந்தப் பிராந்தியை நான் ருசித்ததில்லை.

சென்னீர்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு அவருடன் போனேன். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தி இறந்துபோனவரின் வீடு. அவர் மகன் எனக்குப் பழக்கம். கறிக்குழம்பும் மீன் வறுவலும் பிராந்தியும் வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் இவர் தொட்டுப் பார்த்து, கீது என்றார். மறுபடி சாத்தினார்கள். மறுபடியும் கீது. மூன்றாவது தடவையும் அதேதான். கூடத்தில் உறவுக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மகன் இவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"யோவ், நல்லா பாத்து சொல்லுயா. எங்க நைனா வரலன்னா இன்னா அர்த்தம்?"

"கீறதத்தான சொல்ல முடியும். வேற எங்கயோ சாப்ட்டுகினு கீறாரு போல."

இறந்தவரின் மனைவி தலை நிமிராமல் சொன்னார்: "உசுரோட கீறப்பவும் அங்கதான சாப்டாரு. இலைய எட்த்துகினு வாங்கடா, நாம துன்னலாம்."

இறந்தவருக்குப் பூந்தமல்லியில் இன்னொரு குடும்பம் இருந்தது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், இவரையும் என்னையும் தவிர. அன்று அதே பகலில் அங்கேயும் படையல் போட்டிருந்தார்கள் என்று மகனே பிறகு சொன்னார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். பூட்ச்சு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்களுக்கும் நிம்மதி, உங்கள் சட்டைப் பொத்தானும் தப்பியிருக்கும் அல்லவா?

சிக்னலில் நின்றபிறகுதான் பதில் சொன்னார். "ஒருவாட்டி மாத்தி சொல்ட்டேன்னா, அப்பால இது எனக்கு சொல்லாது சார்." வலது கையை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து, டேப் சுற்றிய விரலை லேசாகத் தூக்கிக் காட்டினார்.

அவர் மனைவி இறந்துவிட்டார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மனைவிக்குப் படையல் வைத்தபோது விரல் என்ன சொல்லிற்று என்று கேட்டேன். உள்ளே போகவில்லை, வெளியே நின்றுவிட்டேன் என்றார்.

எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். திருநெல்வேலிக்காரர். கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் பல வருடம் இருந்துவிட்டு, ஓய்வுபெற்றபின் இந்த வீட்டை வாங்கினார்கள். அடுத்த வருடமே கணவர் போய்விட்டார். ஒரே மகன் கப்பலில் இன்ஜினியர். ஒரு நாள் காலை டூட்டிக்கு அவன் வரவில்லை. கப்பல் முழுக்கத் தேடினார்கள். அறையில் செருப்பு இருந்தது, போன் இருந்தது, அவன் இல்லை. கடலிலும் தேடினார்கள். காணவில்லை என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. இறந்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை.

அதிலிருந்து அந்த அம்மா கையில் போன் இல்லாமல் நான் பார்த்ததில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதும் இடுப்பில் செருகியிருப்பார்.

ஆடி அமாவாசைக்கு முன்னால் அவருடைய தம்பி ஊரிலிருந்து வந்தார். இத்தனை நாள் ஆயிற்று, படையல் போட்டுவிடலாம் என்பது அவர் கட்சி. கூடத்தில் பேசியது மாடிப்படி வரை கேட்டது.

"எக்கா, போனவனுக்குப் போடலன்னா பசியோட அலைவாம்லா. ஒன் பிள்ள பசியோட அலையணுமா?"

"உசுரோட இருந்தாம்னா? பெத்தவளே வாய்க்கரிசி போட்ட மாதிரி ஆயிராதா?"

போட்டாலும் தவறாகலாம், போடாவிட்டாலும் தவறாகலாம். அந்த நேரத்தில்தான் இவர் ஃபில்டர் மாற்ற வந்தார். இவருடைய இன்னொரு வேலையைப் பற்றி அந்த அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்த அம்மா ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். இலை வேண்டாம், போட்டோ வேண்டாம், மாலை வேண்டாம். மகனுடைய பொருள் ஒன்றை மட்டும் வைத்துக் கதவைச் சாத்துவோம். வந்து எடுத்தானா இல்லையா என்று பார்த்துச் சொல்லுங்கள். எடுத்திருந்தால் நாளைக்கே முறைப்படி எல்லாம் செய்கிறேன். எடுக்கவில்லையென்றால் இனி யாரும் என்னிடம் படையல் பேச்சை எடுக்கக்கூடாது. கடைசி வாக்கியத்தைத் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

இவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவர்களுக்கு மட்டும்தான் பார்த்திருக்கிறேன், இப்படிக் கேள்வி கேட்பதற்குப் பார்த்ததில்லை என்றார். பிறகு, சரிம்மா, அமாவாசை அன்றைக்கு வருகிறேன் என்றார்.

மகனுடைய பொருள் என்பது ஒரு பீர் பாட்டில். கடைசி லீவில் வந்தபோது ஏதோ துறைமுகத்தில் வாங்கி வந்திருக்கிறான். மூடிமேல் கறுப்பு மெழுகு ஊற்றி அடைத்த குட்டையான பாட்டில். இது உடனே குடிக்கிற பீர் இல்லை, நாளாக நாளாகத்தான் நன்றாக ஆகும், அடுத்த தடவை வரும்போது தொறக்கேன், ஃபிரிட்ஜில் வைக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்த அம்மா அதைப் பீரோவில் சேலைகளுக்கு நடுவே படுக்கவைத்திருந்தார்.

அமாவாசையன்று திறந்து தர என்னைக் கூப்பிட்டார். லேபிளைப் படித்தேன். ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரில் மிகக் கனமான வகை. விஸ்கி காலிசெய்த மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவைத்தது. மெழுகைக் கத்தியால் சுரண்டி மூடியைத் திறந்தேன். பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றியபோது பழைய இன்ஜின் ஆயில் போல மெதுவாக இறங்கியது. மேலே பழுப்பாகக் கொஞ்சம் நுரை வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கியது.

எனக்கு ஒரு கவலை இருந்தது. இந்த வகை பீரில் இயல்பாகவே நுரையும் சுரீரென்ற கடியும் குறைவு. சாதாரண பீரை எதிர்பார்த்து ருசிக்கிறவர், எல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிடலாம். அதை மெக்கானிக்கிடம் சொன்னேன். நுரையெல்லாம் பார்ப்பதில்லை என்று டேப்பை அவிழ்த்தார்.

இந்த முறை நானும் முன்னால் ருசித்துவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். ஒரு ஸ்பூனில் எடுத்தேன். முதலில் தீய்ந்த காப்பிக்கொட்டை. அதன்பின் கருப்பட்டிப் பாகு, அடிப்பிடித்த பாகு. விழுங்கிய பிறகு மரம். புதிதாகச் சீவிய மரமில்லை, தணல் பட்ட மரம். கடைசியாகத் தொண்டையில் விஸ்கியின் சூடு இறங்கியது. நெஞ்சுவரை தெரிந்தது. எனக்கு இருமல் வந்தது.

அவர் விரலை நாக்கில் வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"மரத்துல வெச்சிருந்தாங்களா சார்?"

ஆமாம், விஸ்கி இருந்த பீப்பாய் என்றேன்.

"அதான. இதுக்கு மின்னாடி அதுக்குள்ள வேற ஒண்ணு இருந்துட்டு போயிருக்குது. போயும் வாசன போவல."

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டம்ளரை மகனுடைய அறையில் மேஜைமேல் வைத்தோம். ஜன்னல் சாத்தியிருந்தது. பாட்டிலில் மீதி சமையலறையில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு நாலு பேரும் வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். நல்ல பகல். மாடியில் யார் வீட்டிலோ டி.வி. ஓடியது. ஆவடியிலிருந்து வந்த மின்சார ரயில் நின்று கிளம்பிப் போனது. அந்த அம்மா போனை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். தம்பி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இவர் மட்டும் தன் விரலைப் பார்த்தபடி நின்றார்.

உள்ளே போனோம். டம்ளரில் அளவு குறையவில்லை. நிறம் மாறவில்லை. அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். இன்னொரு முறை நனைத்தார். ஒரு தடவைக்கு இரண்டாவது துளி எடுத்து அதுவரை நான் பார்த்ததில்லை.

பிறகு டம்ளரைத் தூக்கினார். ஒரே மடக்கில், அண்ணாந்து, முழுவதையும் குடித்தார். வாழ்நாளில் மது தொடாத மனிதர். இருமவில்லை. முகம் சுளிக்கவில்லை. டம்ளரை மேஜையில் வைத்தார்.

"கீதும்மா. அப்டியே கீது. காரம் தொண்டைய புடிக்குது. புள்ள வரல."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி அவர் தோளில் கை வைத்தார். நான் செய்ய ஒன்றுமில்லாததால் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அடியில் கறுப்பாக ஒரு வளையம் தேங்கியிருந்தது. விரலால் வழித்து வாயில் வைத்தேன்.

ஒன்றுமில்லை.

தண்ணீரைப் போல இருந்தது என்று எழுதினால் பிழை. எங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஒரு உப்பு உண்டு. வடிகட்டிய தண்ணீருக்கும் ஒரு சப்பைத்தனம் உண்டு. இதில் அதுவும் இல்லை. நாக்கில் ஈரம் பட்டது, அவ்வளவுதான். பாட்டிலில் மீதி இருந்ததை உள்ளங்கையில் ஊற்றி நக்கினேன். காப்பிக்கொட்டை, கருப்பட்டி, மரம், சூடு, எல்லாம் இருந்தது. மறுபடி டம்ளரைத் தொட்டேன். ஒன்றுமில்லை. விளக்கங்கள் யோசித்தேன். ஒன்றுகூட எனக்கே போதவில்லை.

கேட்டில் அவரைப் பிடித்தேன். ஸ்கூட்டரில் பாட்டில் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று அவர் வாய் கொப்பளிக்கவில்லை. டம்ளரில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"அதான் சொன்னேனே சார், கீதுன்னு." வண்டியைக் கிளப்பிவிட்டுச் சேர்த்துச் சொன்னார்: "மீதி பாட்டிலு அந்தம்மா ஊட்ல வாணாம். நீங்க எட்த்துகினு பூடுங்க."

எடுத்துக்கொண்டு போய், கார்க் ஒன்றை அழுத்தி, என் அலமாரியில் வைத்தேன்.

அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது அவர் விரலில் டேப் இல்லை. அந்த விரலும் மற்றவற்றைப் போலக் கருத்திருந்தது. டம்ளரில் தண்ணீர் பிடித்து நேராக மீட்டரை விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, மீட்டர் போதும் சார் என்றார். படையல் வீடுகளுக்கும் போவதில்லையாம். வேலை முடிந்ததும் என் மனைவி காபி வேண்டுமா என்று சும்மா கேட்டார். கொடுங்கள் என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆவி பறக்கிற காபியை நிறுத்தாமல் குடித்தார். சர்க்கரை போட மறந்துவிட்டேனே என்று மனைவி டப்பாவுடன் வந்தபோது, அவர் காலி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா கீதும்மா," என்றார்.

அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி. அதற்கடுத்த தடவை வேறு ஆள் வந்தார். பழையவர் தூக்கத்திலேயே போய்விட்டார், மண்ணூர்பேட்டையில் தெருக்காரர்களே சேர்ந்து எடுத்தார்கள் என்றார். செய்தியைத் தரைத்தளத்து அம்மாவிடம் நான்தான் சொன்னேன். யாருமில்லையா அவருக்கு என்று மட்டும் கேட்டார்.

மறு வருடம் ஆடி அமாவாசையன்று பகலில் அந்த அம்மா என் கதவைத் தட்டினார். அவருடைய தம்பி ஊரிலிருந்து வரவில்லை. போன் இடுப்பில் இருந்தது.

"தம்பி, அந்தப் பாட்டில் ஒங்க கிட்டதான இருக்கு? அந்த மெஷின்காரருக்கு வைக்கலாம்னு பாக்கேன். அவரு எங்க வீட்ல குடிச்சது அதானே."

கார்க்கை எடுத்துவிட்டு, கொண்டுபோவதற்கு முன் ஒரு துளி பார்த்தேன். திறந்து ஒரு வருடம் ஆகிவிட்டதால் புளித்திருந்தது, காப்பி வாசனை மங்கியிருந்தது. ஆனால் மரமும் விஸ்கியும் போகவில்லை. தொண்டை எரிந்தது.

மகனுடைய அறையில், அதே மேஜைமேல் இரண்டு டம்ளர் வைத்திருந்தார்.

"ரெண்டுலயும் ஊத்துங்க."

ஊற்றினேன். இரண்டாவதை அவர் மகன் உட்காரும் நாற்காலிப் பக்கம் தள்ளி வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். போன வருடம் மெக்கானிக் நின்ற இடத்தை விட்டு அந்த அம்மா ஒதுங்கி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கதவைத் திறந்தார்.

முதல் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். எரிந்தது. புளிப்பு, மரம், சூடு, எல்லாம் இருந்தது. மெக்கானிக் வரவில்லை. வெளியே நின்றுவிட்டார் போலிருக்கிறது.

இரண்டாவதை அந்த அம்மா எடுத்தார். தொட்டுப் பார்க்கவில்லை. அண்ணாந்து, ஒரே மடக்கில் குடித்தார். நான் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமவில்லை.

"இருக்கு தம்பி," என்றார். "அப்பிடியே இருக்கு."

நான் கை நீட்டுவதற்குள் டம்ளரின் அடியை முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டார்.